அட்டையா, நெகிழியா? ஒரு பீங்கான் ஜாடியை முன்வைத்து

சற்று நீண்ட பதிவு. சென்ற வாரம் எங்கள் துறைக் கருத்தரங்கில் ஒரு மாணவர் கேட்ட கேள்விக்கு அங்கேயே சரியாக விடை சொல்ல முடியவில்லை. அதை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

கேள்விக்குக் காரணம் ஒரு ஜாடி. லிங்கம்பள்ளியில் வீடு எடுத்துக் குடியேறிய பிறகு, ஆவக்காய் போடுவதற்காக ஐந்து கிலோ கொள்ளும் பீங்கான் ஜாடி ஒன்றை இணையக் கடையில் வாங்கினேன். சூன் மாத மழைநாள் ஒன்றில் வந்து சேர்ந்தது. பழுப்பு அட்டைப்பெட்டி, உள்ளே கசக்கித் திணித்த பழுப்புத் தாள். நெகிழி என்று பெயருக்கும் இல்லை. ‘இப்பெட்டி மறுசுழற்சிக்கு உகந்தது’ என்ற வாசகம் மட்டும் பச்சை மையில் இருந்தது. பெட்டியின் அடிப்பாகம் ஈரத்தில் தொய்ந்து போயிருந்தது. ஜாடி மூன்று துண்டாகக் கிடந்தது. புகார் செய்தேன், மறுவாரம் வேறொரு ஜாடி வந்தது. இம்முறை குமிழ்த்தாள் நான்கு சுற்று, அதைச் சூழக் காற்றடைத்த நெகிழிப் பைகள், பெட்டியின் விளிம்பெங்கும் ஒட்டுநாடா. ஜாடியில் கீறல்கூட இல்லை. இரண்டு பெட்டிகளையும் அருகருகே வைத்துப் படமெடுத்துக் கருத்தரங்கில் காட்டினேன். நகர்க் கழிவு பற்றி ஆராய்கிறவனின் வீட்டு வாசலுக்கே தரவு வந்து சேர்ந்த மகிழ்ச்சி எனக்கு.

மாணவர் கேட்டார்: “அப்படியானால் நெகிழிதானே வென்றிருக்கிறது?”

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. ஒரு ஜாடியைச் சுட்டெடுக்க ஆயிரம் பாகைக்கு மேல் சூளை எரியவேண்டும். அந்த எரிபொருளோடு ஒப்பிட்டால் அதைச் சுற்றிய சில கிராம் நெகிழி ஒன்றுமேயில்லை. உடைந்த ஜாடியோடு சூளையின் எரிபொருள், லாரியின் டீசல், இரண்டாம் முறை வந்த லாரியின் டீசல் எல்லாமே வீண். பொதிப்பொருளைக் குறைகூறுவதற்கு முன் அது காப்பாற்றிய பொருளின் விலையைக் கணக்கில் எடுக்கவேண்டும் என்பது பொதியியல் துறையினர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. கூடவே அவர் டென்மார்க் ஆய்வையும் எடுத்துவைத்தார். அங்கேதான் நான் தடுமாறினேன்.

அந்த ஆய்வைப் பலரும் அறிவீர்கள். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018-இல் வெளியிட்டது. கடைப் பைகளின் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு. இயற்கை வேளாண்மையில் விளைந்த பருத்தியாலான பையை 20,000 முறை பயன்படுத்தினால்தான் அது ஒரு சாதாரண நெகிழிப் பைக்கு ஈடாகும் என்ற எண் அதிலிருந்து வந்ததே. வெளுக்காத தாள்பைக்கு 43 முறை. இந்த எண்கள் இன்று உலகமெங்கும் தலைப்புச் செய்திகளாகவும் படத்துணுக்குகளாகவும் அலைகின்றன. ஆனால் அட்டவணையைத் திறந்து பார்த்தால் வேறு கதை. 20,000 என்பது ஓசோன் படலம், நீர் எனப் பல அளவுகோல்களையும் சேர்த்து, அவற்றுள் மிக மோசமானதை வைத்துச் சொன்ன எண். காலநிலை மாற்றம் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் அதே பருத்திப் பைக்கு 149 முறை. தாள்பையை மறுபடி பயன்படுத்தவே தேவையில்லை. முதல் பயன்பாட்டிலேயே அது நெகிழிக்கு ஈடாகிவிடுகிறது. எந்த எண்ணை எடுத்து நீட்டுகிறோம் என்பதில் நம் சார்பு வெளிப்பட்டுவிடுகிறது.

அதைவிட முக்கியமானது ஆய்வு எங்கே கோடு கிழித்துக்கொண்டது என்பது. தெருவில் சிதறும் குப்பையை அந்த ஆய்வு கணக்கில் சேர்க்கவில்லை. டென்மார்க்கில் அது பொருட்படுத்தத்தக்க அளவில் இல்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டு ஒதுக்கியது. அந்நாட்டுக்கு அது சரியே. அங்கே வீட்டுக்குப்பை முறையாகச் சேர்ந்து எரியுலைக்குப் போய், வெப்பமாக வீடுகளுக்குத் திரும்புகிறது. முறையியல் வகுப்பில் ‘ஆய்வெல்லை’ என்று ஒரு சொல்லை மனப்பாடம் செய்திருப்போம். கோபன்ஹேகனில் கிழித்த எல்லைக்கோட்டை அப்படியே தூக்கிவந்து லிங்கம்பள்ளி ரயில் நிலையத்தின் பின்தெருவில் விரிக்க முடியுமா என்பதுதான் மாணவருக்கு நான் திருப்பிக் கேட்டிருக்கவேண்டிய கேள்வி. அன்று தோன்றவில்லை.

மறுநாள் காலையில் தோன்றியது. அதுவும் என் அறிவால் அல்ல. எங்கள் தெருவுக்கு வாரம் ஒருமுறை வரும் பழைய சாமான் வண்டிக்காரரிடம் இரண்டு பெட்டிகளையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊரில் காயலான் கடை என்போம், இங்கே கபாடி. அட்டையை உதைத்து மடித்தார், தராசில் போட்டார், கிலோக் கணக்கில் காசு கொடுத்தார். நனைந்திருந்த பெட்டிக்கு எடையில் கொஞ்சம் கழித்துக்கொண்டார். குமிழ்த்தாளையும் காற்றுப் பைகளையும் நீட்டினேன். தக்கனியில் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: “நக்கோ.”

வேண்டாம் என்பதற்கு இந்த ஊர் வைத்திருக்கும் சொல் அது. மூன்று ஆண்டுகளாக நான் படித்த கழிவு மேலாண்மை நூல்களைவிட அந்தச் சொல் எனக்கு அதிகம் விளக்கியது. நெகிழித் தாள் உருகும், மறுபடி வார்க்கலாம், கொள்கையளவில் மறுசுழற்சிக்கு உரியதே. ஆனால் அது எடையற்றது. ஒரு கோணி நிறைய அடைத்தாலும் ஒரு கிலோ தேறாது. முகவரிச் சீட்டும் பசையும் அழுக்கும் ஒட்டியிருக்கும். பொறுக்குகிறவரின் நாள்கூலிக்கு அது கட்டாது. சரக்கை அனுப்பும்போது நெகிழிக்குப் பெருமையாக இருந்த அதே இலேசுத்தன்மை, சரக்கு பிரிக்கப்பட்ட கணத்தில் அதன் சாபமாகிவிடுகிறது. அட்டையின் கதை நேர்மாறு. கனமானது என்று மதிப்பீட்டில் அதற்குக் குறைந்த மதிப்பெண். அந்தக் கனம்தான் தராசில் காசாகிறது.

ஹைதராபாத்தில் இது எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2015 முதல் மாநகராட்சி வீடுவீடாக அனுப்பும் ஸ்வச் ஆட்டோக்களை ஓட்டுகிறவர்களுக்கு வீட்டார் தரும் மாதக் கட்டணத்தோடு, பிரித்தெடுத்து விற்கும் அட்டையும் பாட்டிலும் வருமானத்தில் ஒரு பங்கு. கபாடிகளிடமும் ஆட்டோக்காரர்களிடமும் சேரும் அட்டை முஷீராபாத்தை ஒட்டிய போலக்பூர் போன்ற இடங்களின் கிடங்குகளுக்குப் போய், கட்டுக்கட்டாக அழுத்தப்பட்டுத் தாளாலைக்குப் போகிறது. யாரும் வாங்காதது ஜவஹர்நகர்க் குப்பைமேட்டை நோக்கிப் போகிறது. 2020 முதல் அங்கே குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆலையும் இயங்குகிறது. நகரம் தன் நெகிழியை எரித்து விளக்கேற்றிக்கொள்கிறது என்று சொன்னால் அழகாகத்தான் இருக்கும். ஆலையை அடுத்து வாழ்கிறவர்களிடம் அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

நிறுவனங்களும் அரசும் இதில் என்ன செய்தன? 2019 சுதந்திர நாள் உரையில் பிரதமர் ஒருமுறை பயன்பாட்டு நெகிழியைக் கைவிட அழைப்பு விடுத்தார். அதே ஆண்டு ஒரு பள்ளி மாணவர் அமேசான், ஃபிளிப்கார்ட் ஆகியவற்றின் மிகையான நெகிழிப் பொதிகளுக்கு எதிராகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடினார். 2020 சூனில் அமேசான் இந்தியா தன் சேமிப்பு மையங்களில் ஒருமுறை பயன்பாட்டு நெகிழியை முற்றிலும் ஒழித்துவிட்டதாக அறிவித்தது. குமிழ்த்தாளுக்கும் காற்றுப் பைக்கும் பதிலாகத் தாள் மெத்தைகள். 2021-இல் ஃபிளிப்கார்ட்டும் அவ்வாறே அறிவித்தது. அமேசான் வட அமெரிக்காவில் காற்றுப் பைகளில் 95 விழுக்காட்டைத் தாளுக்கு மாற்றியதாகச் சொன்னது 2024-இல்தான். வழக்கம்போல் இந்தியா பின்தங்கிவிட்டது என்று புலம்ப இயலாத அரிய இடங்களில் இது ஒன்று. அந்நிறுவனம் உலகிலேயே தனக்குச் சொந்தமான மிகப் பெரிய அலுவலகக் கட்டடத்தை 2019-இல் திறந்ததும் இதே ஊரில், எங்கள் பகுதிக்குச் சற்றுத் தொலைவிலுள்ள நானக்ராம்குடாவை ஒட்டித்தான்.

இந்த மாற்றத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் அறிவிப்புகளைச் சட்ட மாணவரின் கண்ணோடு படிக்கவேண்டும். ‘எங்கள் சேமிப்பு மையங்களில்’ என்ற சொற்களுக்கு வெளியே, விற்பனையாளர் தன் கடையிலேயே கட்டி அனுப்பும் பொட்டலம் இருக்கிறது. பேகம் பஜாரின் சந்துகளில் குக்கரும் எவர்சில்வர் டப்பாவும் விற்கும் மொத்தக் கடைகள் பல இப்போது இணையத்திலும் விற்கின்றன. அங்கே ஒரு மாலை நின்று பார்த்தேன். கூரியர் உறை, குமிழ்த்தாள், ஒட்டுநாடா ஆகிய மூன்றும்தான் பொதிமேசை. 2021 ஆகஸ்டில் திருத்தப்பட்ட நெகிழிக் கழிவு விதிகள், ஒருமுறை பயன்படுத்தி எறிவதற்கென்றே செய்த நெகிழிப் பொருள் எது என்று வரையறுக்கின்றன. அந்த வரையறைக்குள் கூரியர் உறை சந்தேகமின்றி அடங்கும். ஆனால் 2022 சூலை 1 முதல் தடை செய்யப்பட்டவற்றின் பட்டியலில் காதுகுடையும் குச்சி இருக்கிறது, ஐஸ்கிரீம் குச்சி இருக்கிறது, இனிப்புப் பெட்டியைச் சுற்றும் மென்தாள் இருக்கிறது. கூரியர் உறை இல்லை. அதற்கு 2022 பிப்ரவரியில் வந்த உற்பத்தியாளர் பொறுப்பு நெறிமுறை என்ற வேறு வழி: இத்தனை டன் சந்தையில் விட்டால் இத்தனை டன் மறுசுழற்சிச் சான்றிதழ் வாங்கிக் காட்டவேண்டும். அடுத்த ஆண்டே போலிச் சான்றிதழ்கள் இலட்சக்கணக்கில் புழங்கியதை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டுபிடித்தது. கபாடி ‘நக்கோ’ என்ற பொருளுக்குத் தாளில் மட்டும் வாங்குவோர் இருந்திருக்கிறார்கள்.

இதுவரை படித்தவர்கள் நான் அட்டைக் கட்சி என்று முடிவு செய்திருப்பீர்கள். ஆம், அட்டைக் கட்சிதான். ஆனால் அட்டை ‘இயற்கை’ என்பதற்காக அல்ல. அந்த வாதத்தை நான் முற்றாக மறுக்கிறேன்.

அட்டைப்பெட்டி என்பது இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே நெளிநெளியாக மடித்த தாளை மாவுப்பசையால் ஒட்டியது. மூன்று அடுக்கு, ஐந்து அடுக்கு, ஏழு அடுக்கு என்று ‘ப்ளை’க் கணக்கில் விற்கும். பசை பெரும்பாலும் சோளமாவு அல்லது மரவள்ளிமாவு. சேலத்துக்காரர்கள் பெருமை கொள்ளலாம். காற்றில் ஈரப்பதம் 50 விழுக்காட்டிலிருந்து 90-க்கு ஏறினால் அதன் தாங்குதிறன் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். என் முதல் ஜாடியின் மரணத்துக்கு அதுவே காரணமாக இருக்கவேண்டும். மழைக்காலத்தை ஈடுகட்ட மூன்று அடுக்கை ஐந்தாக்கினால் தாளும் கூடுகிறது, தாளுக்கான நீரும் கொதிகலன் எரிபொருளும் கூடுகின்றன. தாளின் வரலாறும் குற்றமற்றதன்று. இதே தெலங்கானாவில், நிஜாம் ஆட்சியில் 1938-இல் நிறுவப்பட்ட சிர்பூர் தாளாலையைச் சுற்றி ஓர் ஊரே ‘காகஸ்நகர்’ ஆனது. அதற்கு இரையானது ஆதிலாபாத் காட்டு மூங்கில். கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்யும் நம் புகளூர் ஆலை வேறு வழி காட்டியது உண்மை. ஆனால் பெட்டி செய்யும் பழுப்புத் தாள் இந்தியாவில் மிகுதியும் பழைய தாளிலிருந்தே வருகிறது. உள்நாட்டில் சேர்வது போதாமல் அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் கப்பல் கப்பலாகப் பழைய தாளை இறக்குமதி செய்கிறோம்.

‘அட்டையா நெகிழியா’ என்ற கேள்வியே உடைந்து போவது இங்கேதான். 2022 டிசம்பரில் ப்ளூம்பெர்க் ஒரு கள அறிக்கை வெளியிட்டது. உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகரில், தாளாலைகளைச் சுற்றிய குப்பைக் குவியல்களில் அமெரிக்க வீடுகளுக்கு அனுப்பப்பட்ட அமேசான் நெகிழி உறைகள் கிடந்தன. அங்கிருந்து நெகிழியை யாரும் இந்தியாவுக்கு ஏற்றுமதி செய்யவில்லை. பழைய தாள் என்று கட்டி அனுப்பிய பொதிகளுக்குள் அவை ஒளிந்து வந்தன. இறக்குமதித் தாளில் சிறு விழுக்காடு கலப்பைச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. சிறு விழுக்காடு என்றாலும் மொத்தம் இலட்சக்கணக்கான டன் எனும்போது அதுவே மலை. ஆலை தாளை எடுத்துக்கொண்டு நெகிழியை வெளியே தள்ளியது. வெளியே தள்ளியதைப் பொறுக்கி முடித்த பின் மிஞ்சியது எரிந்தது.

அதாவது, அட்டையும் நெகிழியும் எதிரெதிர் அணிகளில் நிற்கவில்லை. ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிப் பயணம் செய்கிறது. என் வீட்டுக்கு வந்த ‘நெகிழியற்ற’ முதல் பெட்டியிலும் ஒட்டுநாடா நெகிழி, முகவரிச் சீட்டின் மேல்பூச்சு நெகிழி. இப்போது புதிதாக வரும் தாள் உறைகள் சிலவற்றைக் கிழித்துப் பாருங்கள். உட்புறம் மெல்லிய நெகிழிப் படலம் பளபளக்கும். வெளித்தோற்றத்தில் தாள் என்பதால் வாங்குகிறவருக்கு மனநிறைவு. தராசுக்குப் போனால் அது அட்டையும் அன்று, நெகிழியும் அன்று. என் பார்வையில் முழு நெகிழி உறையைவிட மோசமானது இந்த இரண்டுங்கெட்டான் உறையே. நெகிழியைக் கண்டால் கபாடி ஒதுக்கிவிடுவார். இது அவரையும் ஏமாற்றித் தாள் கட்டுக்குள் புகுந்துவிடும்.

எங்கள் ஊர் விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை உண்டு. சிறுவயதில் அங்கிருந்து பொம்மையும் அகலும் வெளியூர் போவதைப் பார்த்திருக்கிறேன். வைக்கோல்தான் மெத்தை. சரக்கு இறங்கிய ஊரில் வைக்கோல் மாட்டுக்குப் போனது. வைக்கோலுக்குத் திரும்புவோம் என்று நான் சொல்லவில்லை. ஈரமும் பூச்சியும் அதற்கும் உண்டு, மூன்றாம் மாடிக் குடியிருப்பில் மாட்டுக்கு எங்கே போவது? பொதிப்பொருளைத் தேர்ந்தவர்கள், அது பிரிக்கப்பட்ட பிறகு யாருக்கு வேண்டும் என்பதையும் அறியாமலே தேர்ந்திருந்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். அரசுக்கும் இந்தக் கேள்வி புதிதன்று. உணவு தானியத்தைச் சணல் சாக்கில்தான் கட்டவேண்டும் என்று 1987-இல் ஒரு சட்டமே இயற்றினோம். அதை இயற்றியபோது கண்முன் இருந்தவர்கள் சணல் பயிரிடுவோரும் ஆலைத் தொழிலாளரும். பொதிப்பொருள் பிழைப்பின் கேள்வியும்தான் என்பதை அன்று ஒப்புக்கொண்ட நாடு, கபாடியின் பிழைப்பை மட்டும் ஏன் கணக்கில் எடுப்பதில்லை?

இனி மாணவரின் ஜாடிக்கு வருகிறேன். தாள் ஜாடியைக் காப்பாற்றவில்லை என்பது உண்மை. ஆனால் அங்கே தோற்றது தாளா, கசக்கித் திணித்த தாளா? நாமக்கல்லிலிருந்து ஒவ்வோர் இரவும் கேரளத்துக்கு லாரி லாரியாக முட்டை போகிறது. முட்டையைவிட எளிதில் உடையும் வீட்டுச் சரக்கு எதுவுமில்லை. அது போவது பழைய தாளைக் கூழாக்கி அச்சில் வார்த்த தட்டில். அந்தத் தட்டுக்கு முட்டையின் வடிவம் தெரியும்; என் ஜாடியைச் சுற்றிய தாளுக்கு ஜாடியின் வடிவம் தெரியாது. குமிழ்த்தாள் எந்த வடிவத்துக்கும் பொருந்தும் சோம்பேறிக்கு உகந்த பொருள். 1957-இல் நியூஜெர்சியில் இருவர் அதைச் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளாகத்தான் உருவாக்கினார்கள். அலங்காரத்துக்கு விலைபோகாமல், பின்னர் ஐபிஎம் கணினிகளைச் சுற்றப் போனது. எல்லாவற்றுக்கும் பொருந்துவதால் எதையும் யோசிக்கத் தேவையில்லாமல் செய்துவிட்டது.

யோசிக்காததற்கு இன்னொரு சான்று பெட்டியின் அளவு. சென்ற மாதம் இரண்டு மரக்கரண்டிகள் 40 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 20 உயரமுள்ள பெட்டியில் வந்தன. கூரியர்கள் பரவலாகக் கையாளும் கன அளவு எடைக் கணக்குப்படி, அதாவது மூன்றையும் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால், அது 4.8 கிலோ. கால் கிலோக் கரண்டிக்கு ஏறத்தாழ ஐந்து கிலோவின் இடம். நெகிழியோ தாளோ, உள்ளே திணிப்பது அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான். வெற்றிடம் இல்லையெனில் வழக்கே பாதி தீர்ந்துவிடும்.

பேகம் பஜார்க் கடைக்காரர் ஒருவர் இதற்குச் சொன்ன மறுப்பையும் பதிவு செய்யவேண்டும். “பத்து அளவில் பெட்டி வாங்கி அடுக்க எனக்கு இடமில்லை. தாள் நாடா விலை கூடுதல். ஜாடி உடைந்தால் திருப்பி அனுப்பும் செலவு என் தலையில்தான்.” மூன்றும் உண்மை. ஆகவே இதை அவருடைய மனசாட்சிக்கு விட்டுவிட முடியாது. அவரை இணையத்தில் விற்கவைத்துக் கழிவுத்தொகை பெறும் தளம்தான் அளவுக்கேற்ற பெட்டியையும் தாள் நாடாவையும் மொத்தமாக வாங்கி அவருக்குத் தரவேண்டும். 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தாள், கண்ணாடி, உலோகப் பொதிகளுக்கும் உற்பத்தியாளர் பொறுப்பை விரிக்கும் வரைவு விதிகளை வெளியிட்டது. அட்டைப்பெட்டியும் கணக்குக்குள் வருவது நல்லதே. ஆனால் தாள் தனி, நெகிழி தனி என்று இரு பேரேடுகள் வைத்தால், நெகிழிப்பூச்சுத் தாள் இரண்டிலிருந்தும் நழுவப் பார்க்கும். அதை முதலில் அடைக்கவேண்டும். ஒரே கையசைவில் நெகிழியிலிருந்து பிரிக்க இயலாத தாளைத் தாள் என்று விற்கக்கூடாது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

தாள்தொழில்நுட்பமும் பொதியியலும் படித்த நண்பர்கள் இப்பட்டியலில் பலர் இருக்கிறீர்கள். என் ஈரப்பதக் கணக்கில் பிழை இருந்தால் திருத்துங்கள். ஒரு கேள்விக்கும் விடை வேண்டும்: முட்டைத்தட்டுக் கூழில் ஐந்து கிலோ ஜாடிக்கு அச்சு வார்த்தால் எத்தனை எண்ணிக்கைக்கு மேல் அது கட்டுபடியாகும்? கடைக்காரர் என்னிடம் கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் அவரிடம் போகவேண்டும். அந்த நான்கு சுற்றுக் குமிழ்த்தாள் இன்னும் என் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அக்காவுக்கு வாங்கிய தட்டுகளைச் சுற்றி எடுத்துப்போக வைத்திருக்கிறேன்.